‘ஒரு வேலையைப் புதுமையாக மேம்படுத்தியிருக்கிறீர்களா?’: நேர்காணல் பதிலைத் தயாரிக்கும் முறை

“நீங்கள் செய்துவந்த வேலையில் எதையாவது புதுமையாக யோசித்து மேம்படுத்தியது உண்டா? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.” நேர்காணலில் இந்தக் கேள்வி வந்ததும் நல்ல வேலைக்காரர்கள்கூடத் தடுமாறிவிடுகிறார்கள். புதுமை என்றால் ஒரு மென்பொருளையே எழுதியிருக்க வேண்டும், நிறுவனத்துக்குப் பெரும் பணத்தை மிச்சம் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, “அப்படிப் பெரிதாக எதுவும் இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிச்சயம் ஏதாவது இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பதிலாக்கும் வழியை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எதைப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்து இனி எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிப்பதுதான் இத்தகைய கேள்விகளின் அடிப்படை. அதனால் யோசனை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதில்தான் எதிரில் இருப்பவருக்கு அக்கறை அதிகம். தினமும் எல்லோரும் கடந்துபோகிற ஒரு சிக்கல் உங்கள் கண்ணில் பட்டதா? அதற்குக் காரணம் தேடினீர்களா? மற்றவர்களை இணங்கவைத்தீர்களா? மாற்றம் பலன் தந்ததா என்று திரும்பிப் பார்த்தீர்களா? இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

சின்ன யோசனை என்று கூச்சப்பட வேண்டாம். டொயோட்டா நிறுவனம் 1951-இலேயே தன் தொழிலாளர்களிடம் யோசனைகளைக் கேட்டு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சிறு சிறு திருத்தங்களை விடாமல் செய்துகொண்டே போகும் அந்தப் பழக்கத்தைத்தான் இன்று உலகமெங்கும் கைசன் என்கிறார்கள்.

யோசனை உங்கள் மூளையிலேயே பிறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கும் நேரத்தில் குழப்பங்கள் நேர்ந்தன. அதைச் சரிசெய்ய மருத்துவர்கள் போய்ப் பார்த்தது ஃபார்முலா ஒன் கார் பந்தயக் குழுக்களை. நொடிகளில் டயர் மாற்றும்போது யார் எங்கே நிற்கிறார், யார் கட்டளையிடுகிறார் என்று கவனித்து, அதையொட்டித் தங்கள் ஒப்படைப்பு முறையை மாற்றி அமைத்தார்கள். வேறொரு துறையில் இருப்பதை உங்கள் வேலைக்குப் பொருத்துவதும் புதுமைதான்.

படி 2: உங்கள் உதாரணத்தைத் தேடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். ஒரே தகவலை இரண்டு இடங்களில் பதிய வேண்டியிருந்ததா? ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னீர்களா? யாருடைய கையெழுத்துக்காகவோ வேலை தேங்கி நின்றதா? புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தவறு செய்தார்களா? நீங்கள் போட்டுவைத்த ஓர் எக்செல் தாளையோ குறிப்பையோ மற்றவர்களும் கேட்டு வாங்கினார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மேம்படுத்தியதாகவே நினைக்காமல் மேம்படுத்திய விஷயங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இப்போதுதான் படிப்பை முடித்தவர் என்றால் கல்லூரி ப்ராஜெக்ட், விழா ஏற்பாடு, தன்னார்வப் பணி, பகுதிநேர வேலை எதுவானாலும் சரி.

படி 3: ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போங்கள்

பதிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் தாவிப்போவதும் இந்த இடத்தைத்தான். “நேரம் வீணானது, அதனால் ஒரு ஃபார்ம் உருவாக்கினேன்” என்றால், நேரம் ஏன் வீணானது என்பதே சொல்லப்படவில்லை. கேட்பவருக்கு உங்கள் யோசனை தெரியவருவது அந்த ‘ஏன்’ மூலமாகத்தான். டொயோட்டாவில் இதற்கு ‘ஐந்து ஏன்’ என்றே ஒரு முறை உண்டு. அடிப்படைக் காரணம் பிடிபடும்வரை அடுத்தடுத்து ஏன் என்று கேட்பார்கள்.

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பொருள் அனுப்புகிறவர்களுக்குப் பணம் தாமதமாகப் போகிறது. ஏன்? அவர்கள் அனுப்பும் பில்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. ஏன்? பலவற்றில் ஆர்டர் எண் இல்லை. ஏன்? ஆர்டர் மெயிலில் அந்த எண் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது. அதைப் பில்லில் எழுத வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை.

பாருங்கள், இப்போது தீர்வு இடம் மாறிவிட்டது. முதல் ‘ஏன்’ கேட்டதோடு நிறுத்தியிருந்தால், “பில்களை இன்னும் வேகமாகச் சரிபார்ப்போம்” என்று சொல்லியிருப்பார். மூன்றாவது வரை போனதால், தவறு பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுக்க முடிகிறது. உங்கள் உதாரணத்துக்கும் இப்படிக் குறைந்தது மூன்று ‘ஏன்’ எழுதிப் பாருங்கள்.

படி 4: வரிசைப்படுத்துங்கள்

‘ஸ்டார்’ என்ற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. எளிய சட்டகம்தான், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நான்குக்கும் சம நேரம் தர வேண்டாம். மொத்தம் இரண்டு நிமிடம் என்றால் சூழலும் பொறுப்பும் சேர்ந்து அரை நிமிடத்துக்குள் முடியட்டும். நிறுவனத்தின் வரலாறு, துறையின் அமைப்பு, மேனேஜரின் குணம் எதுவும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்குமேல் உங்கள் செயலுக்கு. மிச்சம் விளைவுக்கு.

அந்தக் கணக்குப் பிரிவு ஊழியரின் பதில் இப்படி அமையலாம்:

“நான் பில்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்தும் பிரிவில் இருந்தேன். மாதத்துக்குச் சுமார் 40 பில்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து விசாரிப்பது என் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் போன் செய்து திருத்தச் சொல்வதுதான் வழக்கம். ஒரு மாதம், திரும்பிய ஒவ்வொரு பில்லுக்கும் காரணத்தைக் குறித்துவைத்தேன். பாதிக்குமேல் ஆர்டர் எண் இல்லாததால்தான் திரும்பியிருந்தன. நாம் அனுப்பும் மெயிலிலேயே அந்த எண் கண்ணில் படவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. சரியாக எழுதப்பட்ட ஒரு மாதிரிப் பில்லைப் படமாக்கி, எண் எழுத வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு, ஆர்டர் மெயிலோடு இணைக்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப அவர் தயங்கினார். அதனால் முதலில் 10 பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தோம். பலன் தெரிந்ததும் எல்லோருக்கும் அனுப்பினோம். மூன்று மாதத்தில் திரும்பும் பில்கள் 15 அளவுக்குக் குறைந்தன. இப்போதும் அந்தப் படம் ஆர்டர் மெயிலோடு போகிறது.”

இதில் எந்தத் தொழில்நுட்பமும் இல்லை. ஒரு மாதம் காரணங்களைக் குறித்துவைத்ததும், 10 பேரிடம் சோதித்ததும்தான் இந்தப் பதிலைத் தூக்கி நிறுத்துகின்றன. மேனேஜரின் தயக்கத்தை மறைக்காமல் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். எதிர்ப்பே இல்லாமல் எல்லாம் நடந்தது என்றால் நம்புவது கடினம்.

‘நாங்கள்’, ‘நான்’ இரண்டையும் கவனமாகக் கையாளுங்கள். குழுவாகச் செய்ததைக் குழுவுக்கே கொடுங்கள். ஆனால் நீங்கள் செய்த பகுதி தனியாகத் தெரிய வேண்டும்.

படி 5: விளைவுக்கு ஓர் எண் கொடுங்கள்

அளந்து வைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு 10 நிமிடம் மிச்சம், மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 220 நிமிடம், அதாவது ஒருவருக்கு 3 மணி 40 நிமிடம். ஐந்து பேர் அதே வேலையைச் செய்தால் 18 மணி நேரத்தைத் தாண்டும். மதிப்பீடு என்றால் “சுமார்” என்று சொல்லுங்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இல்லாத எண்ணை மட்டும் உருவாக்காதீர்கள். “இதை எப்படி அளந்தீர்கள்?” என்ற அடுத்த கேள்வியிலேயே அது உடைந்துவிடும், அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளும் எடுபடாது.

பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், விலை விவரம் போன்றவற்றை வெளியே சொல்ல வேண்டாம். விகிதமாகச் சொன்னாலே போதும்.

படி 6: தொடர் கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

நல்ல பதிலைச் சொன்னால் கேள்விகள் கூடும். வழக்கமாக வருபவை: இதை ஏன் யாரும் முன்பே செய்யவில்லை? யார் எதிர்த்தார்கள்? வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள்? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? முதல் கேள்வியில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. “அவர்களுக்கு அக்கறை இல்லை” என்று பழைய சக ஊழியர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள். “ஒவ்வொருவருக்கும் தன் பகுதி மட்டுமே தெரிந்திருந்தது, காரணங்களை மொத்தமாகப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது” என்பது நியாயமான பதில். பெரும்பாலும் உண்மையும் அதுதான்.

பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். ஐந்தாறு குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். சூழலைச் சொல்வதிலேயே முதல் ஒரு நிமிடம் ஓடிவிட்டால், அங்கே வெட்ட வேண்டும்.

படி 7: கேள்வி திரும்பி வந்தால்

சில இடங்களில், “எங்கள் வேலை முறையில் எதை மாற்றுவீர்கள்?” என்று கேட்பார்கள். உள்ளே நடப்பது தெரியாமல் தீர்வு சொல்வது ஆபத்து. “தெரியாது” என்று விடுவதும் சரியல்ல. நீங்கள் எப்படித் தொடங்குவீர்கள் என்று சொல்லுங்கள்: “முதல் சில வாரங்கள் வேலையை இப்போது நடக்கிறபடியே செய்து பார்ப்பேன். எங்கே தேங்குகிறது, எது திரும்பி வருகிறது என்று குறித்துவைப்பேன். அந்த வேலையை அதிக நாள் செய்தவரிடம் காரணம் கேட்பேன். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் சிறிய அளவில் சோதிக்க அனுமதி கேட்பேன்.” அதோடு நிறுத்தாமல் நீங்களும் ஒன்று கேளுங்கள்: “இப்போது உங்கள் குழுவில் அதிக நேரம் எடுக்கும் வேலை எது?”