குமிழைத் திருகுவதற்கு முன்: கிட்டார் டோன் நாளுக்கு நாள் மாறுவதாகத் தோன்றுவது ஏன்?

நேற்று மனம் நிறைய ஒலித்த டோன் (கிட்டாரின் ஒலித்தன்மை) இன்று மெலிந்து, காதைக் குத்துகிறது. கிட்டார், பெடல் (ஒலியை மாற்றும் கால்மிதிப் பெட்டி), ஆம்ப் (ஒலிபெருக்கி) எதையும் யாரும் தொடவில்லை. இந்த நிலையில் பலரும் செய்யும் முதல் தவறு, கை உடனே குமிழ்களுக்குப் போவது. இன்று ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளை, குறைப்பார்கள், நாளை எல்லாம் மந்தமாகக் கேட்கும், மறுபடி திருகுவார்கள். சில வாரங்களில் எந்த அமைப்பு பிடித்திருந்தது என்பதே மறந்துவிடும். மாறியது பெரும்பாலும் கருவியல்ல என்பதால்தான் இந்த அலைச்சலுக்கு முடிவே வருவதில்லை.

முதலில் காது. உரத்த ஒலியில் நெடுநேரம் இருந்தால் கேட்கும் திறன் தற்காலிகமாக மங்கும். குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் ஒலிகளில். ஒத்திகையின் கடைசியில் "கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்" என்று ட்ரெபிளை ஏற்றுகிறவர், ஓய்ந்து தெளிந்த காதோடு மறுநாள் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறார். களைத்த காதோடு டோனை முடிவு செய்யவே கூடாது. சளி பிடித்துக் காது அடைத்திருக்கும் நாளும் அப்படித்தான்.

என் கணிப்பில், எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது ஒலி அளவு. ஒலி ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது: ஒலி குறையக் குறைய, அடித்தள ஒலிகள் (பேஸ்) நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது போதவில்லை என்று பேஸை ஏற்றி வைத்தால், ஒத்திகையில் உரக்க வாசிக்கும்போது அது குமுறிக்கொண்டு மற்றவர்களை மூழ்கடிக்கும். வெவ்வேறு அளவில் கேட்ட இரண்டு டோன்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை.

அடுத்தது நிற்கும் இடம். 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து உயர் ஒலிகள் நேர் முன்னே குவிந்து பாயும். தரையில் இருக்கும் ஆம்புக்குப் பக்கத்தில் நின்றால் அவை முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும். எதிரே உட்கார்ந்தால் காதில் பாயும். தடித்த ஈ கம்பியின் அடிப்படை ஒலி 82 ஹெர்ட்ஸ், அதன் அலை நீளம் 4 மீட்டருக்கும் மேல். அதனால் அறையின் ஒரு மூலையில் அது முழங்கும், சில அடி தள்ளி நின்றால் வற்றிப்போகும்.

உண்மையிலேயே மாறுபவையும் உண்டு: வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பி, தீர்ந்துவரும் பேட்டரி, ஈரப்பதத்தில் ஊறிய அக்கூஸ்டிக் கிட்டாரின் மரம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது) அறை வெப்பத்துக்கே குணம் மாறும். கிட்டாரின் வால்யூம் குமிழ் தெரியாமல் சற்று இறங்கியிருந்தாலும் பளிச்சென்ற ஒலி மங்கும்.

எது மாறியது என்று கண்டறிய, வாசித்ததைப் பதிந்து திரும்ப ஓட்டும் லூப்பர் பெடல் பெரிய உதவி. டோன் பிடித்திருக்கும் நாளில், மற்றப் பெடல்களுக்கு முன்னால் லூப்பரை வைத்து, நான்கு வரி வாசித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆம்ப், பெடல் குமிழ்களைப் படம் எடுத்து வையுங்கள். டோன் சரியில்லை என்று தோன்றும் நாளில் அதே அமைப்பு, அதே ஒலி அளவு, அதே இடம் என்று வைத்து அந்தப் பதிவை ஓடவிடுங்கள். அது நன்றாக ஒலித்தால் கம்பியையும் விரலையும் பாருங்கள். அதுவும் கசந்தால் ஒரு நாள் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் கசந்தால் பேட்டரி, கேபிள், ஆம்ப் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். புதுப் பெடல் வாங்கும் யோசனையை அதுவரை ஒத்திப்போடுங்கள்.