மனுவில் ‘கருணை’ வேண்டாம்

குரூப் 4 எழுதி அரசு வேலைக்கு வந்தவன் நான். வலது காலில் போலியோ, காலைத் தாங்கும் கேலிப்பர் கருவி போட்டு நடக்கிறேன். முதல் நாள் அலுவலக வாசலில் மூன்று படி; பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. காவலாளி அண்ணன் கைகொடுத்து ஏற்றிவிட்டார். தங்கமான மனிதர். ஆனால் தினமும் ஒருவர் கையை எதிர்பார்த்து வேலைக்குப் போக எனக்கு மனமில்லை. என் முதல் மனு அந்தப் படிக்காகத்தான்.

அரசு வேலையோடு உரிமைப் பணியும் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள், முதலில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ஐப் படித்துவிடுங்கள். 21 வகைப் பாதிப்புகள் அதில் உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டையைப் பரீட்சைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஒரு அளவு டேப். என் மனுவுக்குப் பிறகு சாய்தளம் கட்டினார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவை அவர் மகன் மூச்சு வாங்கத் தள்ளினார். பாதியில் நாற்காலி பின்னால் வந்துவிட்டது. அன்று மாலையே அளந்தேன். படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ., சாய்தளத்தின் நீளம் இரண்டு மீட்டர்கூட இல்லை. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 5.4 மீட்டர் வேண்டும். இரண்டாவது மனுவில் இந்த அளவுகளையும், டேப்பை வைத்து எடுத்த போட்டோவையும் சேர்த்தேன். ‘சரிவு அதிகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ‘பார்க்கலாம் சார்’ என்பார்கள். எண்ணைக் கண்டால் பதில் எழுதியாக வேண்டும்.

மனு ஒரு பக்கம், ஒரே கோரிக்கை. ‘கருணை கூர்ந்து’ என்று எழுதவே எழுதாதீர்கள். ‘சட்டப்பிரிவு 45-இன்படி’ என்று எழுதுங்கள். பொதுக் கட்டடங்களுக்கான பிரிவு அது. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 23. புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தாலும் ரசீது முக்கியம். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவருடைய பரிந்துரைக்கு அலுவலகம் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்காவிட்டால் காரணமும் சொல்ல வேண்டும்.

நாலு மனு எழுதியதும் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். காது கேளாத பையன் அம்மாவோடு வந்தால், அம்மாவிடம் விவரம் கேட்டு எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். சைகை தெரிந்தால் அவனிடமே பேசுங்கள். தெரியாவிட்டால், தாளையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்துக் காத்திருங்கள்.