வீட்ல கம்ப்யூட்டர் இல்லையா? லைப்ரரில உக்காந்து ஆன்லைன் அப்ளிகேஷன நீங்களே போடுறது எப்படி

எங்க தெருவுல ஒரு அக்கா, மகளுக்கு எக்ஸாம் அப்ளிகேஷன் போட பிரவுசிங் சென்டருக்கு போனாங்க, மெயில் ஐடி இல்லன்னதும் அங்க இருந்தவரு தன்னோட மெயிலையே போட்டு முடிச்சுக் குடுத்துட்டாரு. அப்புறம் ஹால் டிக்கெட் எடுக்கப் போனா பாஸ்வேர்டு தெரியல, ரீசெட் லிங்க் அவரு மெயிலுக்குப் போகுது, அவரோ கடைய காலி பண்ணிட்டு போயாச்சு. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் அந்த எக்ஸாம் எழுதவே இல்ல. அதுலேர்ந்து யார் கேட்டாலும் நான் லைப்ரரிக்குப் போங்கன்னுதான் சொல்றேன், அங்க நமக்குப் பின்னாடி கியூ கட்டி அவசரப்படுத்துறது கம்மி, தப்பு பண்ணி, திருத்தி, நம்ம கையாலயே முடிக்கலாம்.

மொதல்ல உங்க ஏரியா கிளை நூலகத்துல கேளுங்க. கம்ப்யூட்டர் ஓடுதா, நெட் வருதா, பிரிண்ட் எடுக்கலாமா, என்னைக்கு லீவு, இந்த நாலும் தெரிஞ்சா போதும். அங்க இல்லன்னா சென்னையில அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம், எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்னு பெரிய இடங்கள் இருக்கு. பார்வை இல்லாதவங்கள கூட்டிட்டுப் போறீங்கன்னா கோட்டூர்புரம்தான் என் சாய்ஸ், தரைத்தளத்துலயே பிரெய்ல் பிரிவு இருக்கு. கேக்குறதுக்கு கூச்சமே படாதீங்க, 1948ல வந்த நூலகச் சட்டப்படி சொத்து வரியோட நூலக வரியும் சேத்துத்தான் வசூலிக்கிறாங்க, வாடகை வீடா இருந்தாலும் அது நம்ம வாடகைக்குள்ளதான் இருக்கு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரியே போட்டோ, கையெழுத்து, மார்க் ஷீட் எல்லாத்தையும் போன்ல தெளிவா எடுத்து வச்சுக்குங்க. பேரு, இனிஷியல் எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்குற மாதிரியே டைப் பண்ணணும், ஆதார்ல வேற மாதிரி இருந்தா அத மொதல்ல சரி பண்ணுங்க. முக்கியமா, ஆதார்ல குடுத்த நம்பர் இருக்குற போன சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் இருக்கான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க, ஓடிபி வரலன்னா அன்னைக்குப் பொழுதே போச்சு.

உக்காந்ததும் மொத வேலை உங்க பேர்லயே ஒரு மெயில் ஐடி. பாஸ்வேர்ட வீட்ல இருக்குற டைரில எழுதி வைங்க. பொது கம்ப்யூட்டர்ங்கறதால குரோம்ல கன்ட்ரோல், ஷிப்ட், என் மூணையும் சேத்து அழுத்தி இன்காக்னிட்டோ விண்டோ (மூடினதும் நாம பாத்த பக்கங்கள் பிரவுசர்ல தங்காது) தொறந்து அதுலயே வேலை பாருங்க, பாஸ்வேர்ட சேவ் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க. பணம் கட்டுற இடத்துல கார்டு நம்பர் எதுவும் அடிக்காம, கியூஆர் வந்தா உங்க போன்லயே ஸ்கேன் பண்ணிக் கட்டிடுங்க. முடிஞ்ச ஃபாரத்த உங்க மெயிலுக்கே அனுப்பிட்டு, டவுன்லோட்ஸ்ல இருக்குறத அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, லாகவுட் பண்ணிட்டு எந்திரிங்க, இன்காக்னிட்டோல பாத்தாலும் டவுன்லோட் ஆன ஃபைல் அங்கயேதான் கெடக்கும்.

அம்மாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மவுஸ் அவங்க கையில மட்டும்தான் இருக்கணும். அவங்க தடுமாறுறப்ப நம்ம கை தானா நீளும், மடக்கி வச்சுக்குங்க. டபுள் கிளிக் நிறைய பேருக்கு வராது, ஒரு தடவ கிளிக் பண்ணி என்டர் தட்டச் சொல்லுங்க, பிரச்சனை தீந்துடும். மொத நாளே ஃபாரம்னு உக்காந்தா பயந்துடுவாங்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய பத்திரிகை ஏதாவது தேடிப் படிக்கச் சொல்லுங்க, தமிழ்ல டைப் பண்றதுக்கு தமிழ்99 விசைப்பலகையும் காட்டிக் குடுங்க. நான் கூட்டிட்டுப் போன அக்கா தன் பேர மொத தடவ ஸ்கிரீன்ல தமிழ்ல பாத்துட்டு, அத அழிக்கவே விடல.

இன்னொண்ணு, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. கடைசி நாள் சைட்டு திணறும், அன்னைக்குன்னு பாத்து கரண்டும் போகும்.