தோஹோகுவில் ‘ஸா’ கேட்டால்

வடகிழக்கு ஜப்பானின் தோஹோகு பகுதியில் இடப்பெயரை ஒட்டி ‘ஸா’ வந்தால், அதைப் பொது ஜப்பானிய மொழியின் ‘எ’, ‘னி’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; நம் ‘-க்கு’ போன்றது. அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ‘தோ ஸா?’ என்றால் ‘எங்கே போகிறாய்?’, ‘யு ஸா’ என்றால் ‘குளிக்க, வெந்நீருக்கு’. ஆளுக்கு இரண்டே அசைகளில் ஓர் உரையாடல், எவ்வளவு அழகு!

திசையைக் குறித்த ‘ஸமா’ என்ற பழஞ்சொல் தேய்ந்து இந்த உருபானது. 1604–1608இல் நாகசாகியில் அச்சான போர்த்துகீசியரான ரொட்ரிகஸ் பாதிரியாரின் ஜப்பானிய இலக்கணமே கியோட்டோவுக்கு ‘எ’, கியூஷுவுக்கு ‘னி’, கிழக்கிற்கு ‘ஸா’ எனப் பிரித்துச் சொல்கிறது. இன்று தோஹோகுவின் சில இடங்களில் ‘இங்கே இருக்கிறது’ என்பதற்கும் ‘ஸா’ வருகிறது.

டோக்கியோக்காரர் வாக்கியத்தின் நடுவிலோ முடிவிலோ அழுத்தத்துக்குச் சேர்க்கும் ‘ஸா’வுக்கு இது பொருந்தாது. ‘தகஸா’ (உயரம்) போன்ற சொற்களின் ஈற்று ‘ஸா’வும் வேறு.