தூங்கப் போகும் முன் மூன்று நல்லது: ஏழு நாள் பயிற்சி

ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா, இரவில் 10 நிமிடம். இவ்வளவு போதும். போனில் எழுத வேண்டாம். நடுவில் ஒரு வாட்ஸ்அப் வந்தால் கவனம் அதோடு போயிற்று.

1. இன்று நன்றாக நடந்த மூன்றை எழுதுங்கள். "நாள் நல்லா போச்சு" என்பது கணக்கில் சேராது. "பாண்டி பஸ்ஸில் ரெட்டிச்சாவடி வருவதற்குள் உட்கார இடம் கிடைத்தது" என்கிற அளவுக்குத் துல்லியம் வேண்டும்.

2. ஒவ்வொன்றின் கீழும் 'ஏன் நடந்தது?' என்று ஒரு வரி. பயிற்சியின் உயிரே இதுதான். பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். "அதிர்ஷ்டம்" என்று எழுதினால் யோசனை அங்கேயே நின்றுவிடும். "ஜன்னலோரம் இருந்த அக்கா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்" என்றால் ஒரு மனுஷி கண்ணில் படுகிறார். கடலூர் துறைமுகத்தில் வஞ்சரம் கட்டுப்படியான விலைக்குக் கிடைத்ததா? ஏன்? "முதல் கூடையிலேயே வாங்காமல் நாலு கூடை பார்த்துப் பேசினேன்." இங்கே தெரிவது உங்கள் பொறுமை.

3. எழுதியதையே திரும்ப எழுதாதீர்கள். மூன்றாம் நாளும் "காபி நல்லா இருந்தது" என்றால் மனசுக்குப் பழகிப்போய்விடும், கை மட்டும்தான் எழுதும்.

ஏழாம் நாள் முடிவில் பெரிய மாற்றம் தெரியாவிட்டால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்தவர்களின் மகிழ்ச்சி உயர்ந்தது ஒரு மாதம் கழித்துத்தான். ஆறு மாதம் வரை நீடித்தது. ஒரு வாரம் கழிந்தும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

4. இப்போது நோட்டில் 21 காரணங்கள் இருக்கும். உங்கள் குணம் காரணமாக வந்த வரிகளை அடிக்கோடிடுங்கள். உளவியலாளர் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் செலிக்மனும் 2004-இல் நற்பண்புகளை 24 ஆக வகுத்தார்கள்: ஆர்வம், அன்பு, நியாய உணர்வு, நகைச்சுவை, விடாமுயற்சி என்று போகும் பட்டியல் அது. அடிக்கடி தலைகாட்டும் ஒன்றை எடுத்து, அடுத்த வாரம் தினமும் புதிதாக ஓரிடத்தில் பயன்படுத்துங்கள். ஆர்வமா? மாலையில் பாண்டி கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, தினம் பார்க்கும் சுண்டல்காரரிடம் பட்டாணி எத்தனை மணிக்கு ஊறப்போடுவார் என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, வேலை மூன்றும் கெட்டு, எழுத உட்கார்ந்தாலே "எனக்கு ஒன்றுமே நல்லது நடக்கலை" என்று மனசு இன்னும் கனக்கிறதென்றால் பயிற்சியை நிறுத்துங்கள். அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.