கடப்பிதழுக்கு முன் அளவுநாடா

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் துணையுடன் பினாங்கிலிருந்து லண்டன் செல்ல நினைப்பவர்கள், கடப்பிதழைத் தேடுவதற்கு முன் அளவுநாடாவைத் தேடுவது நல்லது. நாற்காலியின் அகலத்தை, சக்கரங்களைக் கையால் உருட்டும் வளையங்களின் வெளிவிளிம்பு வரை அளந்து, நீளம், உயரம், எடை, தரையிலிருந்து இருக்கையின் உயரம் ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லா வசதியும் உண்டு" என்று உறுதியளித்த ஒரு விடுதியில், குளியலறை வாசலில் 10 சென்டிமீட்டர் படியைக் கண்டு நானும் என் மனைவியும் திகைத்து நின்ற இரவுக்குப் பிறகு, கதவின் அகலத்தையும் கட்டிலின் உயரத்தையும் எண்ணாகவும், குளிக்குமிடத்தைப் புகைப்படமாகவும் பெறாமல் நாங்கள் முன்பணம் கட்டுவதில்லை.

விமானச் சீட்டு வாங்கும்போதே உதவியையும் கோர வேண்டும். பல நிறுவனங்கள் 48 மணி நேர முன்னறிவிப்பாவது கேட்கின்றன. படியேறவும் விமானத்துக்குள் நடக்கவும் இயன்றவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படியேற இயலாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., இருக்கை வரை முழு உதவி தேவைப்படுபவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. என்று குறியீடுகள் உள்ளன. தவறான குறியீடு பதிவானால், இருக்கை வரிசைகளுக்கிடையே செல்லும் குறுகிய நாற்காலி தயாராக இருக்காது. எது பொருந்தும் என்பதை உங்கள் துணையே சொல்லட்டும். ஊழியர்கள் வழக்கம்போல் உங்களைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

மின்நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையை எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றி எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலம் ஒன்றானால் 300 வாட் மணி, இரண்டானால் ஒவ்வொன்றும் 160 வாட் மணி என்பது பொதுவான வரம்பு. அதைப் பயணிகள் அறைக்குள் கையோடு கொண்டுபோக வேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பெரும்பாலும் சிறிய விமானமே பறப்பதாலும், அதன் சரக்குக் கதவு தாழ்வாக இருப்பதாலும், நாற்காலியின் முதுகுச் சாய்வு மடங்குமா என்பதை முன்பே பாருங்கள். மெத்தையையும் கழன்று விழக்கூடிய பாகங்களையும் உங்களுடன் வைத்துக்கொண்டு, நாற்காலியை நான்கு பக்கமும் படமெடுத்த பிறகே ஒப்படையுங்கள்.

சேதமடைந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி நாற்காலியும் பயணப்பெட்டியாகவே கருதப்படுகிறது. இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நல்ல மின்நாற்காலியின் விலை இதைவிடப் பலமடங்கு. ஆகவே ஒப்படைக்கும்போது நாற்காலியின் மதிப்பைக் குறிப்பிட்டுச் சிறப்பு மதிப்பு அறிவிப்புச் செய்யுங்கள், அல்லது அந்த மதிப்பை ஈடுசெய்யும் காப்புறுதி எடுங்கள்.

லண்டனில் பழைய சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. எலிசபெத் ரயில் தடத்தின் நிலையங்கள் அனைத்திலும் படியில்லாமல் நடைமேடையை அடையலாம். கறுப்பு டாக்சிகளில் சாய்தளம் உண்டு, பேருந்துகளிலும் உண்டு. சக்கர நாற்காலிப் பயணியருக்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகளில் கடைக்குக் கடை ஏறி இறங்கிச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மின்னேற்றியைப் பற்றியும் கவலை வேண்டாம். நம் வீட்டு மூன்று முள் செருகி அங்கும் அப்படியே பொருந்தும்.