வீட்டு மின்செலவைக் குறைக்கும் மென்பொருள் கணக்கில் நேரும் தவறுகள்

பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கும்போதே மின்செலவையும் குறைக்க எண்ணுவோர், இப்போதெல்லாம் மேஸ்திரியை அழைப்பதற்கு முன்பே ஏதேனும் ஒரு மென்பொருளில் வீட்டை வரைந்து பார்த்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் நிரப்பாமல் விட்ட விவரங்களை மென்பொருள் தன்னிடமுள்ள பொது மதிப்புகளைக் கொண்டு நிரப்பிவிடுவதால், சென்னை வீட்டுக்கான கணக்கு சென்னைக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது.

இது அதிகம் நேர்வது மொட்டை மாடியில்தான். வெளிநாட்டு மென்பொருள்களின் மாதிரிக் கூரைகளில் பெரும்பாலும் வெப்பத்தடுப்பு அடுக்கு ஒன்று இருக்கும். நம் தளமோ வெறும் கான்கிரீட். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, அதற்கும் மேலே தட்டோடு எனும் தட்டையான சுடுமண் ஓடு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் பழைய வீடுகள் சிலவற்றில் கான்கிரீட்டும் கிடையாது; மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ்தான். இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக, அளந்த தடிமனுடன் உள்ளிடாவிட்டால், கூரை வழியே இறங்கும் வெப்பம் குறைவாகத் தெரியும்; சன்னல் கண்ணாடியை மாற்றினால் போதும் என்று மென்பொருள் சொல்லும். மேல்தளத்தில் குடியிருப்பவருக்கு அதனால் பெரிய பயனில்லை. வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்கான மத்திய அரசின் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-இன்படி, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கூரையின் சதுர மீட்டர் ஒன்று 1.2 வாட்டுக்கு மேல் கடத்தக் கூடாது. தடுப்பில்லாத கான்கிரீட் தளம் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கடத்தும்.

அடுத்தது, வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று உள்ளிடுவது. இரும்புக் கிராதி அருகே நின்று கைப்பேசித் திசைகாட்டியைப் பார்த்தால் முள் விலகிவிடும். செயற்கைக்கோள் வரைபடத்தில் சுவரின் கோட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், கத்திரி வெயில் காலத்து நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். எனவே தெற்குச் சன்னலுக்கு மட்டும் நிழல் தரச் சொல்லும் பொது அறிவுரையை அப்படியே ஏற்பது வீண்; பிற்பகலில் காயும் மேற்குச் சுவருக்கே முதலில் செலவிட வேண்டும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுச் சன்னல்களை இறுக அடைக்கச் சொல்லும் கருவிகளும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில், ஏசி இல்லாத அறைக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது.

சேமிப்பைப் பணமாக மாற்றும் இடத்திலும் கணக்கு பிசகுகிறது. பல கணிப்பான்கள் ஒரு யூனிட்டுக்குச் சராசரி விலை ஒன்றைப் போட்டுப் பெருக்கிவிடுகின்றன. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமோ இரு மாதப் பயன்பாட்டைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விகிதம் உயர்ந்துவிடும். 520 யூனிட் செலவழிக்கும் வீடு 30 யூனிட்டைக் குறைப்பதும், 300 யூனிட் வீடு அதே 30 யூனிட்டைக் குறைப்பதும் ஒன்றல்ல. இரு வேலைகளின் சேமிப்பைக் கூட்டுவதும் தவறு: கூரை வேலையால் 20 சதவீதமும் புது ஏசியால் 30 சதவீதமும் குளிரூட்டும் செலவு குறையுமானால், மொத்தக் குறைவு 50 அல்ல, 44 சதவீதமே. கூரை வேலை முடிந்த நிலையை உள்ளிட்டு மறுபடி கணக்கிட்ட பிறகே ஏசியின் டன் அளவை முடிவுசெய்ய வேண்டும்; முன்கூட்டியே வாங்கிய பெரிய ஏசி அறையை விரைவில் குளிரவைத்து நின்றுவிடுவதால், ஈரப்பதம் போதுமான அளவு இறங்காது.

தளத்தின் ஒழுகலும் கம்பியின் துருவும் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மாடியில் அடிப்பதற்கு முன்பு, வடகிழக்குப் பருவமழைக்கு வெகுமுன்னதாகவே, மேஸ்திரியை மாடிக்கு அழைத்துச் சென்று தட்டோடுகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.